வாழ்த்த வயது வேண்டுமா?

கேள்வி
2024 மே 19, காலை 9.10

எங்கள் தெருமுனையில் ஒரு பிரமுகரின் பிறந்தநாள் பதாகை. கீழே இருபது முகங்கள், அதற்கும் கீழே "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்". அந்த இருபதில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. என் சந்தேகம் இதுதான்: சிறியவர் பெரியவரை வாழ்த்தக் கூடாது என்று நம் மரபில் விதி ஏதாவது இருக்கிறதா? அல்லது யாரோ ஒருவர் எழுதி, எல்லோரும் பிடித்துக்கொண்ட வரியா?

2024 மே 19, இரவு 10.40

விதி கிடையாது. வரி மட்டும்தான் இருக்கிறது. மயிலாடுதுறையில் 36 ஆண்டுகளாக அச்சகம் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த வரியை நானே நூறு தடவைக்குமேல் கோத்திருப்பேன். முன்பு டிரெடிலில், பிறகு ஆஃப்செட்டில், இப்போது ஃபிளெக்ஸில்.

ஒருமுறை 71 வயதுப் பெரியவர் ஒருவர் இதே வரியைப் போடச் சொன்னார். பிறந்தநாள் காண்பவருக்கு ஐம்பது. "ஐயா, அவரைவிட நீங்கள் இருபது வயது மூத்தவர் அல்லவா?" என்றேன். "தம்பி, அதில் வயது என்று இருப்பது வயது இல்லை. நீ போடு" என்றார். போட்டேன். இதைவிடத் தெளிவாக அந்த வரிக்கு யாரும் உரை எழுத முடியாது.

மரபைப் பார்த்தால் கதை தலைகீழ். மதுரையில் கருடன்மேல் வந்து நின்ற பெருமாளைக் கண்ட பெரியாழ்வார் வரம் கேட்கவில்லை. இவ்வளவு அழகுக்குக் கண்பட்டுவிடுமே என்று பதறி "பல்லாண்டு பல்லாண்டு பல்லாயிரத்தாண்டு" என்று அவருக்கே ஆயுள் சொன்னார். அதனால்தான் பெரிய ஆழ்வார் ஆனார் என்பது வைணவர்கள் சொல்லும் காரணம். திவ்யப் பிரபந்தமே அந்தப் பாட்டில்தான் தொடங்குகிறது. கடவுளையே வாழ்த்தலாம் என்றால் வட்டச் செயலாளரை வாழ்த்த என்ன தடை?

புறநானூற்றில் பாடியவர்கள் வாங்கும் கை, பாடப்பட்டவர்கள் கொடுக்கும் கை. நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பஃறுளி ஆற்று மணலைவிட அதிகக் காலம் வாழச் சொல்கிறார். பரிசிலுக்கு வந்து நிற்பவர் அரசனுக்கு ஆயுள் கொடுக்கிறார்!

என் முடிவு: ஆசி மேலிருந்து கீழே வரும், மடைத் தண்ணீர்போல. வாழ்த்துக்குத் திசை இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்த வரி அது.

2024 மே 20, காலை 6.15

தூக்கத்தில் தோன்றியது. வீழ் என்றால் விழு, வீழ்த்து என்றால் விழச் செய். தாழ், தாழ்த்து. ஆழ், ஆழ்த்து. அதே கணக்கில் வாழ், வாழ்த்து. வாழச் செய் என்று பொருள். நல்லது நடக்கட்டும் என்று விரும்புவதோடு சொல் நிற்கவில்லை, நேரே வேலையில் இறங்குகிறது. இவ்வளவு பெரிய வேலை என்பதால்தான் "எனக்கு வயதில்லை" என்று நழுவுகிறார்களோ?

2024 மே 20, இரவு 9.30

இலக்கணத்தில் இறங்கிவிட்டதால் இன்னும் கொஞ்சம். வாழ்க என்பது வியங்கோள், அதாவது வாழ்த்தவும் வேண்டிக்கொள்ளவும் வரும் வினைமுற்று. தொல்காப்பியர் இது தன்மையிலும் முன்னிலையிலும் வராது என்கிறார். அதாவது "அவர் வாழ்க" சரி, "நீ வாழ்க" கூடாது. நன்னூல் எல்லா இடத்திலும் வரும் என்று கதவைத் திறந்துவிட்டது. ஔவையார் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. நெல்லிக்கனி கொடுத்த அதியமானை எதிரில் வைத்துக்கொண்டே "மன்னுக பெரும நீயே" என்றார்.

இதே விகுதிதான் சபிக்கவும் உதவுகிறது. வாழ்க, ஒழிக இரண்டுக்கும் கடைசி எழுத்து ஒன்று. கையால் அச்சுக் கோத்த காலத்தில் தேர்தல் வந்தால் பெரிய எழுத்துப் பெட்டியில் முதலில் காலியாவது "க" தான். வருக, வாழ்க, ஒழிக. ஒருநாள் இரவு "வாழ்க" சுவரொட்டி ஒன்றைப் பிரித்து, அதே "க"வை எடுத்து எதிர்க்கட்சியின் "ஒழிக"வுக்குப் போட்டுக் கொடுத்தேன். மை கூடக் காயவில்லை.

2024 மே 22

தும்மலை ஒருவர் நினைவூட்டுகிறார். மறந்தே போனேன். சிறுவயதில் நான் தும்மினால் பாட்டி "நூறு" என்பார். அடுத்த தும்மலுக்கு "இருநூறு". ஜலதோஷம் பிடித்த நாளில் என் ஆயுள் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

குறளில் இந்தத் தும்மல் வாழ்த்து இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில். 1312இல் அவள் பேசாமல் ஊடிக்கொண்டிருக்கிறாள். அவன் வேண்டுமென்றே தும்முகிறான், "நீடு வாழ்க" என்று சொல்லித்தான் ஆகவேண்டும், ஊடல் உடைந்துவிடும் என்ற கணக்கு. 1317இல் அவன் தும்ம, அவள் வாழ்த்திவிடுகிறாள். வாழ்த்திய வாயாலேயே "யார் நினைத்துத் தும்மினீர்?" என்று அழத் தொடங்குகிறாள். வாழ்த்து நாக்கில் அவ்வளவு ஊறிப்போன ஊரில்தான் இந்த வேடிக்கை செல்லும். அங்கே யாரும் வயது பார்க்கவில்லை என்பதையும் கவனிக்க.

என்னிடம் மெஷின் ஓட்டியவர் ஒரு பாய். தும்மினால் தாமே "அல்ஹம்துலில்லாஹ்" என்பார். மருமகன் உடனிருந்தால் "யர்ஹமுகல்லாஹ்" என்பான், இறைவன் உங்களுக்கு அருள் செய்யட்டும் என்று. ஸலாம் சொல்வதிலும் சிறியவர் முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் முறை. உங்கள்மீது சாந்தி உண்டாகட்டும் என்று பத்து வயதுப் பையன் எழுபது வயதுத் தாத்தாவுக்குச் சொல்கிறான். வயதில்லை என்று அவன் தயங்குவதில்லை.

2024 மே 26

இன்று வைகாசி முகூர்த்தம், மூன்று கல்யாணம். மூன்று மண்டபத்திலும் ஒரே வாசகம்: "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் கிளைத்து வாழ்க". நான் விவசாய வீட்டுப் பிள்ளை. கேட்கும்போதெல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து சிரிப்பேன். ஆலமரத்தடியில் வேறு எதுவும் உருப்படியாக வளராது. அறுகு வயலில் வந்துவிட்டால் என் அப்பா மண்வெட்டியோடு சாமியாடுவார். மூங்கில் பல ஆண்டு சும்மா இருந்து, ஒருமுறை பூத்து, கூட்டமாகச் செத்துப்போகும்.

ஆனாலும் அறுகைத் தேர்ந்தெடுத்தவர் வெட்டி எறிந்து சலித்த ஒரு விவசாயியாகத்தான் இருக்க வேண்டும். எவ்வளவு வெட்டினாலும் ஒரு கணுவில் திரும்ப வரும். அந்தக் குணம் அவருக்கு உறைத்திருக்கிறது. சாபத்துக்கும் ஒரு செடி வைத்திருக்கிறோம்: "உன் வீட்டில் எருக்கு முளைக்க". ஆள் நடமாட்டம் நின்ற வீட்டில் முளைப்பது எருக்கு. ஊர்க்கிழவிகள் இதில் கெட்டிக்காரிகள்.

2024 மே 27

நேற்று மேடையில் "பதினாறும் பெற்று" என்றதும் பின்வரிசை இளைஞர்கள் சிரித்ததைப் பற்றி ஒருவர் கேட்கிறார். பதினாறு பிள்ளைகள் என்று நானும் இருபது வயதுவரை நினைத்திருந்தேன். பதினாறு பேறுகள் அவை. பக்கத்தில் திருக்கடையூர் இருப்பதால் எங்கள் ஊரில் அபிராமி பட்டரின் பதிகத்தைச் சொல்வார்கள்: கலையாத கல்வியில் தொடங்கி, குறையாத வயது, கபடு வாராத நட்பு என்று போய், துய்ய நின் பாதத்தில் அன்பு வரை எண்ணினால் சரியாகப் பதினாறு. பிள்ளைகள் அதில் ஒரே ஒரு இடம், தவறாத சந்தானம். கல்வி, அறிவு, ஆயுள், ஆற்றல் என்று தொடங்கும் இன்னொரு பட்டியலும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டும் முழுக்க ஒத்துப்போகாது.

கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்அட்டைக்காகப் பதிகத்தைக் கோக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. எட்டாவது பேறு "அன்பு அகலாத மனைவி". அப்படியானால் இந்த வாழ்த்து ஆணை நினைத்துச் செய்தது. மணப்பெண்ணுக்குச் சொல்லும்போது பதினைந்துதானா? புரோகிதர் ஒருவரிடம் கேட்டேன். "சாமி, நீங்கள் அச்சடிக்கிற வேலையைப் பாருங்கள்" என்றார்.

2024 மே 28

திருத்தம். மே 19இல் "ஆசி மேலிருந்து கீழே வரும்" என்று எழுதினேன். என் அப்பாவின் பழைய அஞ்சலட்டைகளை இன்று எடுத்துப் பார்த்தேன். நான் சென்னையில் அச்சுத்தொழில் கற்றபோது எழுதியவை. எல்லாம் "சிரஞ்சீவிக்கு அநேக ஆசீர்வாதம்" என்று தொடங்குகின்றன. இரண்டாவது வரியிலிருந்து திட்டு. பணம் அனுப்பியது என்ன ஆயிற்று, பரீட்சை எழுதினாயா, அம்மாவுக்கு ஏன் கடிதம் இல்லை. ஒரு அட்டையில் இடம் போதாமல் ஓரமெல்லாம் திட்டு சுற்றிவந்து, ஆசீர்வாதத்துக்கு மேலேயே போய் முடிகிறது. மேலிருந்து கீழே வந்தது ஆசி மட்டும் இல்லை என்று சொல்ல வந்தேன்.

"சிரஞ்சீவி", "சௌபாக்கியவதி" எல்லாமே வாழ்த்துச் சொற்கள்தாம். சுருக்கிச் சுருக்கி "சி.", "சௌ." என்று இரண்டு புள்ளியில் வந்து நிற்கின்றன. பெயருக்குமுன் இனிஷியல் என்று நினைத்த ஒரு பையன், மணமகளின் அப்பா பெயர் சௌந்தரராஜனா என்று என்னிடம் கேட்டான்.

2024 ஜூன் 9

இதுவரை நூல் படித்ததையும் அச்சடித்ததையும் வைத்து எழுதினேன். இன்று நடந்தது வேறு.

என்னிடம் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன். இப்போது 28. தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே வடிவமைத்து, தானே அச்சடித்து, முதல் பிரதியைத் தாம்பாளத்தில் வெற்றிலைப் பாக்கோடு வைத்துக் கொண்டுவந்தான். கொடுத்துவிட்டு, "முதலாளி, ஆசீர்வாதம் செய்யுங்கள்" என்று தடாலென்று காலில் விழுந்தான்.

எனக்கு 61 வயது. கல்யாண வீடுகளில் கூட்டத்தோடு கூட்டமாக அட்சதை போட்டிருக்கிறேன். என் ஒருவனை மட்டும் குறிவைத்து ஒருவன் விழுந்தது இதுவே முதல் தடவை. கையில் வேறொரு வேலையின் புரூஃப். விரலெல்லாம் மை. தொட்டால் அவன் வெள்ளைச் சட்டையில் ஒட்டும். "பதினாறும் பெற்று" என்று ஆயிரம் பத்திரிகையில் அச்சடித்தவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. "சரி சரி, எழுந்திரு, தரை அழுக்கு" என்றேன்.

உள்ளிருந்து வந்த என் மனைவி பூஜை மாடத்துத் திருநீற்றை எடுத்தாள். இடது கையை அவன் புருவத்துக்குமேல் கூரைபோல வைத்துக் கண்ணை மறைத்து, வலது கை மூன்று விரலால் இழுத்துப் பூசி, மிச்சத்தை மெதுவாக ஊதினாள். "நன்றாக இரு, அந்தப் பெண்ணையும் நன்றாக வைத்துக்கொள்" என்றாள். அரை நிமிடத்தில் முடிந்தது. அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

2024 ஜூன் 10

மேலே எழுதியதைப் படித்துக் காட்டினேன். "தரை அழுக்கு" என்று நான் சொல்லவில்லையாம். "புரூஃபை மிதிக்காதே" என்றுதான் சொன்னேனாம். இருக்கலாம்.

2024 ஜூன் 16

கொடுத்த ஆசியைத் திரும்பப் பெறலாமா என்று ஒரு கேள்வி. என்னிடம் கம்போஸிங் செய்த கிறிஸ்தவ நண்பர் பைபிளில் ஒரு கதை சொல்வார். ஆதியாகமம் 27. ஈசாக்குக்குக் கண் மங்கிவிட்டது. மூத்தவன் ஏசாவுக்கு உரிய ஆசீர்வாதத்தை இளையவன் யாக்கோபு, கையிலும் கழுத்திலும் ஆட்டுக்குட்டித் தோலைப் போர்த்திக்கொண்டு, அண்ணன் என்று நடித்து வாங்கிவிடுகிறான். வேட்டையிலிருந்து திரும்பிய மூத்தவன் கதறுகிறான். ஆள்மாறாட்டம் என்று தெரிந்தபிறகும் தகப்பன் "அது செல்லாது" என்று சொல்லவில்லை. அவன் ஆசீர்வதிக்கப்பட்டவனாகவே இருப்பான் என்கிறார். நண்பர் இதைச் சொல்லிவிட்டு, "அச்சேறிவிட்டால் அவ்வளவுதான் அண்ணே, பிழைத்திருத்தம் போடலாம், பிரதியைத் திரும்ப வாங்க முடியாது" என்பார்.

2024 ஜூன் 17

சுயமரியாதைத் திருமணங்களை விட்டுவிட்டேன் என்று கோபிக்கிறார் ஒருவர். நியாயம். 1967இல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது, 7-ஏ பிரிவு. புரோகிதர் இல்லாமல், உற்றார் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே செல்லும். மந்திரம் போன இடத்துக்கு வாழ்த்துரை வந்தது. என் தொழிலுக்கு நல்லதுதான்: வாழ்த்துரை வழங்குவோர் பட்டியல் மட்டும் தனித்தாள் வரும். மாப்பிள்ளை பெயரைவிடப் பெரிய எழுத்தில் தலைமை ஏற்பவர் பெயர். ஒரு மண்டபத்தில் பதினோராவது வாழ்த்துரை நடந்துகொண்டிருந்தபோது மணமகன் நின்றபடியே தூங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

கேலி போதும். அதே மாதிரி ஒரு திருமணத்தில்தான், மணமகனின் கைம்பெண் தாய் மேடை ஏறி மாலை எடுத்துக் கொடுத்ததையும் பார்த்தேன். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2024 ஜூலை 7

எழுதுகிறேன். மூன்று வாரம் தள்ளிப்போட்டேன்.

பத்திரிகை கொடுக்க வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது "யார் பெயரில் அழைப்பு?". அப்பா இல்லாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் உடனே ஒரு மௌனம். பிறகு சித்தப்பா சித்தி பெயரையோ தாய்மாமன் பெயரையோ எழுதித் தருவார்கள். தாலி இருக்கிற தம்பதி வேண்டுமே. பெற்றவள் பெயர் "காலஞ்சென்ற இன்னாரின் மகள்" என்ற வரியில் கூட வராது, அங்கேயும் அப்பாதான் வருவார். இறந்தவருக்கு இடம் இருக்கிறது, இருப்பவருக்கு இல்லை. இப்படி எத்தனை பத்திரிகை கோத்திருப்பேன்! ஒரு தடவைகூட நான் வாய் திறந்ததில்லை. வாடிக்கையாளர் வீட்டு விஷயம்.

என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தைக்கு 24 வயதில் கணவர் போய்விட்டார். எங்கள் வீட்டோடு வந்து, என்னையும் தங்கையையும் வளர்த்தவர். 1990இல் என் கல்யாணம். முதல் நாள் இரவு அட்சதைக்கு அரிசி பார்த்தது அத்தைதான். அட்சதை என்றால் முனை முறியாதது. நொய் இருக்கக் கூடாது. பச்சரிசியை முறத்தில் பரப்பி, நாற்பது வாட் பல்பின் கீழே உட்கார்ந்து, உடைந்த அரிசியை ஒவ்வொன்றாக நகக்கண்ணால் ஓரத்துக்குத் தள்ளினார். மூன்று படி. பிறகு மஞ்சள் தூளும் கொஞ்சம் நெய்யும் விட்டு இரண்டு கையாலும் பிசறினார். விரல் நுனியெல்லாம் மஞ்சள். மறுநாள் நானூறு பேர் அந்த அரிசியை எங்கள்மேல் போட்டார்கள். அத்தை போடவில்லை. சமையல்கட்டுப் பக்கம் இருந்துகொண்டார். அவர் சுபாவம் அப்படி, முன்னால் வரமாட்டார்.

2024 ஜூலை 8, இரவு

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். படித்திருக்கிறாள். "அண்ணா, அத்தையின் சுபாவம் என்று எழுதியிருக்கிறாயே, அது சுபாவமா?" என்றாள்.

முதல் நாள் இரவு அரிசி பார்த்து முடிந்ததும், அம்மா அத்தையிடம் "காலையில் தாலி கட்டுகிற நேரத்தில் நீ உள்பக்கம் பார்த்துக்கொள்" என்றாளாம். தங்கை பக்கத்தில் படுத்திருந்தாள். அம்மா பொல்லாதவள் இல்லை. நாத்தனாரைக் கடைசிவரை வைத்துச் சோறு போட்டவள். நாலு பேர் நாலு விதமாகப் பேசி அத்தையை நோகடிக்கக் கூடாதே என்றுதான் சொல்லியிருப்பாள். அல்லது எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்திருப்பாள். இப்போது கேட்க இருவருமே இல்லை.

2024 ஜூலை 8, இரவு 1 மணி

இன்னொன்றையும் எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும். எனக்குத் தெரியாது என்பதுபோல மேலே தொனிக்கிறது. அந்த இரவு நான் திண்ணையில் இருந்தேன். சன்னல் திறந்திருந்தது.

2024 ஜூலை 14

பல பேர் எழுதியிருக்கிறீர்கள். பாராட்டாக எழுதியவற்றுக்குப் பதில் இல்லை. கோபமாக எழுதிய ஒருவருக்கு: ஆமாம், திறந்திருந்த சன்னல் என்பதை நானும் 34 ஆண்டு சொல்லாமல்தான் இருந்தேன்.

2024 ஜூலை 21

மே 19ஆம் தேதிப் பதிலை இப்போது படித்தால் எரிச்சல் வருகிறது. "விதி கிடையாது" என்று என்ன ஒரு துணிச்சல். வயதுக்கு விதி இல்லை. வேறு விதி இருந்தது.

அகநானூற்றில் நல்லாவூர் கிழார் பாடிய ஒரு கல்யாணம் இருக்கிறது, 86ஆம் பாட்டு. உழுத்தம்பருப்புக் களி, புதுமணல் பரப்பிய பந்தல், அதிகாலை. பூவும் நெல்லும் கலந்த நீரைப் பெண்ணின் தலையில் சொரிந்து "பெற்றோற் பெட்கும் பிணையை ஆக" என்று வாழ்த்துகிறார்கள். புரோகிதர் இல்லை, தீ இல்லை என்று நம் ஆட்கள் பெருமையாகக் காட்டும் பாட்டு. நானும் மேடையில் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். வாழ்த்தியவர்கள் யார் என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுவோம்: "புதல்வர்ப் பயந்த" மகளிர் நால்வர். மகனைப் பெற்றிருக்க வேண்டும், நகை அணிந்திருக்க வேண்டும். பிள்ளை இல்லாதவளும் கைம்பெண்ணும் அன்றைக்கும் பந்தலுக்கு வெளியேதான் நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். இருப்பவரிடமிருந்துதான் போகும், இல்லாதவர் தொட்டால் இல்லாமை ஒட்டிக்கொள்ளும் என்ற கணக்கு இது. விளக்கிலிருந்து விளக்கு ஏற்றுவதுபோல என்று ஒருவர் அழகாகச் சொன்னார். அப்படியானால் என்னை வளர்த்த கையில் என்ன இல்லாமல் போயிற்று?

"தீர்க்க சுமங்கலி பவ" என்ற ஆசியையும் யோசித்துப் பாருங்கள். நீண்ட காலம் சுமங்கலியாக இரு. பிரித்தால், உன் கணவனுக்குமுன் நீ போய்ச் சேர். என் மனைவியிடம் இதைச் சொன்னேன். "முப்பத்தைந்து வருடமாக எனக்குத் தெரியும், உங்களுக்கு இப்போதுதான் தெரிகிறதா?" என்றாள்.

2024 நவம்பர் 3

நீண்ட இடைவெளி. தீபாவளி வேலை. இலேசாக ஒன்று.

கோயில் யானையின் ஆசிக்கு வயது, தாலி, பிள்ளை எதுவும் தேவையில்லை. பத்து ரூபாய் போதும். தும்பிக்கை ஈரமாக, வைக்கோல் மணத்தோடு தலையில் இறங்கும். பேத்திக்காகப் போனேன். அவள் பயந்து என் பின்னால் ஒளிந்துகொள்ள, யானை என் வழுக்கையைத் தடவிவிட்டுப் பணத்தைப் பாகனிடம் கொடுத்தது. என் பின்னால் நின்ற வெள்ளைப் புடவைப் பாட்டிக்கும் அதே தும்பிக்கை, அதே அழுத்தம்.

2025 ஜனவரி 15

பொங்கல் காசு கொடுத்து முடித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் அன்பர், அங்கே சித்திரைப் புத்தாண்டில் பெரியவர் கையால் வாங்கும் பணத்துக்குக் கைவிசேடம் என்று பெயர், வெற்றிலையோடு தருவார்கள் என்கிறார். நல்ல சொல்.

சதாபிஷேகப் பத்திரிகை ஒன்று வந்திருக்கிறது. "ஆயிரம் பிறை கண்ட" என்று போடச் சொன்னார்கள். பெரியவருக்கு 80 முடிந்து இரண்டு மாதம். பிறைக்குப் பிறை 29.53 நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆயிரமாவது பிறைக்கு 80 வயதும் பத்து மாதமும் ஆகும். இன்னும் எட்டுப் பிறை பாக்கி. சொல்லவில்லை. கேட்டால் மேகம் மறைத்த பிறைகளை யார் கழிப்பது என்பார்கள்.

2025 பிப்ரவரி 9

இரண்டு வாரமாக ஒரு வேலை. சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் வேலை பார்க்கும் பெண். அப்பா இறந்து ஆறு வருடம். கல்யாணப் பத்திரிகைக்குத் தானே வந்தாள். "யார் பெயரில் அழைப்பு?" என்று வழக்கம்போல் கேட்டேன். "அம்மா பெயரில்" என்றாள். கோத்து, முதல் புரூஃப் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தபோது தாயின் பெயர் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, ஓரத்தில் ஒரு பெரியப்பாவும் பெரியம்மாவும் எழுதப்பட்டிருந்தார்கள். அடித்தது அம்மாவேதான் என்றாள் பெண். திருத்தி இரண்டாவது புரூஃப். அதில் பெண் பெரியப்பாவை அடித்துவிட்டு அம்மாவை எழுதியிருந்தாள். பெரியப்பா நேரில் வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். சண்டைக்கு இல்லை. தம்முடைய பெயரை "தங்கள் நல்வரவை நாடும்" என்ற வரியின்கீழ் மாற்றிப் போடச் சொல்லிவிட்டு, "திருவளர்ச்செல்வி என்று போட்டிருக்கிறாய், திருவளர்செல்வி என்றால் வினைத்தொகை, ஒற்று மிகாது" என்று என்னைத் திருத்திவிட்டுப் போனார். தமிழாசிரியராக இருந்தவராம்.

நேற்று மாலை பத்திரிகைக் கட்டுகளை வாங்க அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். எங்கள் மேஜையில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்திருப்போம், முதல் பத்திரிகையின் நான்கு மூலைக்கும் தடவித்தான் கொடுப்பது. அவர் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு என் மனைவியைப் பார்த்தார். "நீங்கள் தடவிக் கொடுங்களேன்" என்றார்.

"எனக்குக் கை வேலையாக இருக்கிறது, நீங்களே தடவுங்கள்" என்றாள் என் மனைவி. அவள் மற்ற கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் எண்ணிவைத்ததுதான், எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மோதிர விரலால் தொட்டுத் தடவினார். நான்காவது மூலையில் மஞ்சள் கொஞ்சம் அதிகமாகி எழுத்தின்மேல் இழுத்துவிட்டது. புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தார்.

"நானூறுக்கு மூன்று குறைகிறது" என்றாள் என் மனைவி. உண்மையாகவே குறைந்தது. இன்று காலை அடித்துக் கொடுத்தனுப்பினேன்.